முன்னூறாவது கல்

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபத்து மூன்று. மலையடிவாரத்து மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சடையப்பனின் வெள்ளைத் தாடியைப் பார்த்து அவர் காலில் விழுவார்கள். அவர் பதறிப்போய், கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருக்கும் பூவாத்தாளைக் கை காட்டுவார்.

சடையப்பன் நில அளவையராக இருந்தவர். சுற்று வட்டாரத்து எல்லைக் கற்களில் பாதி அவர் நட்டவை. "என் அளவுச் சங்கிலி பொய் சொல்லாது" என்று மார்தட்டியபடியே ஓய்வு பெற்றவர், மடத்துக்கு வந்து ஐந்து வருடமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மனசு எப்பம்மா ஒரு நிலைக்கு வரும்?"

ஒவ்வொரு முறையும் பூவாத்தாள் ஏதாவது ஒரு வேலை கொடுப்பாள். இந்த முறை, "தைப்பூசத்துக்குள்ள ஊருக்கு ஒரு ஏழுசுத்துக் கோட்டை போட்டுக் குடுங்க" என்றாள்.

கோட்டை என்றால் மதிலும் அகழியும் இல்லை. முழங்கால் உயரக் கற்களைத் தரையில் சுற்றுச் சுற்றாக நட்டு அமைக்கும் வழி அது. கிளை பிரியாது. நடந்துகொண்டே இருந்தால் நடுவுக்குப் போகலாம். அங்கே நின்று வேண்டிக்கொண்டு அதே வழியில் திரும்பலாம்.

வீட்டுக்கொரு கல் என்பது ஊர் வழக்கம். வெள்ளை வெளேரென்று வெங்கச்சங்கல் வந்தது, கருங்கல் வந்தது, ஒரு வீட்டிலிருந்து உடைந்த ஆட்டுக்கல்லே வந்தது. சடையப்பன் மூன்று வாரம் குனிந்தே கிடந்தார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கற்கள் எழுந்து நின்றன.

நான்காம் சுற்றில், திரும்பும் இடத்தில், ஒரு கல்லுக்கு மட்டும் குழி காலியாக இருந்தது. அது அவருடைய தங்கை நல்லம்மாள் வீட்டுக் கல்லுக்கான இடம். பன்னிரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. "அவர் அளந்த இடத்துல என் கல்லு நிக்காது" என்று அவள் சொல்லி அனுப்பிவிட்டாள்.

பூசத்துக்கு முந்தின நாள் விடியலில் சடையப்பன் கோட்டைக்குள் நடந்து பார்த்தார். பனி இடுப்பு வரை மிதந்தது. கால் எங்கே படுகிறது என்று தெரியவில்லை. கற்களின் தலைகள் மட்டும் ஆற்றில் குளிப்பவர்களைப் போலத் தெரிந்தன. நடந்தார், திரும்பினார், நடந்தார். கடைசியில் வாசலில் நின்றார்.

மறுபடி நுழைந்தார். மறுபடியும் வாசல்.

மூன்றாம் முறை வாசலுக்கு வந்தபோது பூவாத்தாள் அங்கே நின்றிருந்தாள்.

"நடுவுக்கே போக முடியலைங்கம்மா. அந்த ஓட்டையில கால் தானா நுழைஞ்சு வெளிய கொண்டாந்து விட்டுடுது. ஆத்துல ஒரு கல்லு எடுத்து நட்டுடட்டுங்களா?"

"அது எந்த வீட்டுக் கல்லு?"

"நல்லம்மா வீட்டுதுங்க."

"உங்க தங்கச்சிக்கு ஏன் அவ்வளவு கோபம்?"

"அப்பா பூமியைப் பிரிக்கறப்ப நான்தாங்க அளந்தேன்."

"சரியா அளந்தீங்களா?"

"சரியாத்தாங்க அளந்தேன்." தாடியைத் தடவினார். குரல் இறங்கியது. "நடறப்பத்தான் ஒரு எட்டு தள்ளி நட்டுட்டேன். கொடுக்காப்புளி மரம் என் பக்கம் வரட்டும்னு. சின்னதுல ரெண்டு பேரும் ஏறி விளையாடின மரம்."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் வெட்கத்தில் அவருக்கு முகமெல்லாம் சுட்டது.

பூவாத்தாள் மடத்துக்குள் போய்க் கடப்பாரையோடு வந்தாள். "அப்ப நல்லம்மா கல்லு அந்த எல்லையிலதான் நிக்குது. போய் எடுத்துட்டு வாங்க."

அப்பாவின் பூமியில் இன்னும் பனி விலகவில்லை. அவர் எல்லைக் கல்லைச் சுற்றித் தோண்டினார். சத்தம் கேட்டு, தலையில் முக்காடு போட்டபடி நல்லம்மாள் வந்து நின்றாள்.

"ஒரு எட்டு தள்ளி நட்டுட்டேன், பாப்பா. தெரிஞ்சேதான் நட்டேன்."

அவர் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கல் சாய்ந்தது. தூக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"அந்தப் பக்கம் பிடிங்கண்ணா" என்றாள் நல்லம்மாள். இந்தப் பக்கத்தை அவள் பிடித்தாள்.

பத்தடிக்கு ஒரு தடவை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, இருவருமாகச் சுமந்து வந்தார்கள். குழியில் அந்தக் கல் கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு நல்லம்மாள் முன்னால் நடக்க, அவர் பின்னால் நடந்தார். ஒரு சுற்றில் அவள் எதிரே வருவதுபோல் இருந்தது. அடுத்த சுற்றில் எங்கோ தொலைவில் போவதுபோல் இருந்தது. நடுவில் போய்ப் பார்த்தால், அவள் அவருக்காக நின்றுகொண்டிருந்தாள். சடையப்பன் வாய்விட்டு அழுதார்.

வெளியே வந்ததும் அவருக்குள் இருந்த அளவையர் விழித்துக்கொண்டார்.

"அம்மா, எல்லைக் கல்லு இங்க வந்துடுச்சு. இனி எல்லை எதுன்னு எப்படித் தெரியும்?"

வாசலில் நின்ற பூவாத்தாள், அவர்கள் கல்லோடு கொண்டுவந்த கடப்பாரையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"வர்ற மாசியில கொடுக்காப்புளி பழுக்குமில்லைங்களா? பறிக்க யார் யாரை முதல்ல கூப்பிடறீங்கன்னு பார்ப்போம்."