விருந்தாளிக்குக் கேட்ட குரல்

"டீச்சர், கம்ப்யூட்டர் ஊமையாயிட்டு. என்ன செஞ்சாலும் பேச மாட்டேங்குது" என்றார் சொர்ணலிங்கம்.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் டீச்சர் என்று அழைத்த மெஹருன்னிசாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மேலப்பாளையத்தில், மாடியறை ஒன்றில் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுப்பவர்.

சொர்ணலிங்கம் கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கூடவே மனைவி செண்பகவடிவும் வந்திருந்தார். கணினி மனைவியுடையது.

பார்வை போன பிறகும் அவர் தன் நாவலை நிறுத்தவில்லை. அவர் தட்டத் தட்ட, கணினி அதை வாசித்துக் காட்டும். காதால் திருத்துவார். குரல் நின்ற நாளிலிருந்து ஒரு வரிகூட நகரவில்லை. கடைசி அத்தியாயம் பாதியில் கிடந்தது.

என்னென்ன செய்தீர்கள் என்று மெஹர் கேட்டார்.

சொர்ணலிங்கம் ஸ்பீக்கரை மாற்றியிருந்தார். வயரை மாற்றியிருந்தார். எல்லாக் குரல்களையும் வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் சவுண்ட் சர்வர் என்ற நிரலை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவியிருந்தார். எதையும் அரைகுறையாகச் செய்யவில்லை என்றும் சொன்னார்.

"முதல்ல லேசா கரகரன்னுச்சு. அவ்வளவுதான்" என்றார் செண்பகவடிவு. "பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான். ஒரு குழாய் ஒழுகினா தொட்டியையே உடைப்பாக."

சொர்ணலிங்கம் அதைக் காதில் வாங்கவில்லை.

"மொத்தத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து போட்டுரலாம்னு இருக்கேன்."

செண்பகவடிவின் கை, கணினிப் பெட்டியின் மேல் போய் அமர்ந்தது. நாவல் அதற்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை.

மெஹர் கணினியில் புதிதாக ஒரு பயனரை உருவாக்கினார். விருந்தாளி என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில் உள்ளே நுழைந்து ஒலியைச் சோதித்தார்.

ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் இடது என்றது. பிறகு வலது என்றது. கரகரப்பே இல்லை.

சொர்ணலிங்கம் எழுந்துவிட்டார்.

"யாரு இந்த விருந்தாளி?"

"இப்பத்தான் வந்தா. இங்க ஒண்ணையும் தொடல."

அவர் மெல்ல உட்கார்ந்தார். வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தெருவில் யாரோ மீன் விலை கேட்டுப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ ஸ்பீக்கர் நல்லாருக்கு" என்றார். "சர்வரும் நல்லாருக்கு. கோளாறு இவ வீட்டுக்குள்ள."

லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு கோப்புறை உண்டு. அதன் பெயரே வீடு. அவரவர் எழுதியது, சேர்த்தது, அமைத்தது எல்லாம் அதற்குள் இருக்கும். சவுண்ட் சர்வரை எத்தனை முறை அழித்து நிறுவினாலும் இந்த வீட்டை அது தொடாது.

"பாருங்க" என்றார் மெஹர்.

அவர் செண்பகவடிவின் வீட்டில் இருந்தவற்றை வரிசையாகத் திரையில் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உரிமையாளர் பெயர் இருந்தது. வடிவு. வடிவு. வடிவு.

சவுண்ட் சர்வரின் அமைப்புகள் இருந்த கோப்புறைக்குப் பக்கத்தில் மட்டும் ரூட் என்று இருந்தது.

ரூட் என்பது எல்லாக் கதவையும் திறக்கும் பெயர். அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது. அது ஒன்றைத் தனதாக்கிக்கொண்டால் மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். வீட்டுக்காரர்கள் உட்பட.

"இதைப் பூட்டினது யாரு சார்?"

"ரூட்னு போட்டிருக்கு."

"ரூட் யாரு?"

சொர்ணலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"நான்."

கரகரப்பைச் சரிசெய்ய ரூட்டாக வடிவின் வீட்டுக்குள் போய் சவுண்ட் சர்வரை ஓட்டியதாகச் சொன்னார். வடிவின் பெயரில் நுழையக் கடவுச்சொல் வேண்டும். அது தனக்குத் தெரியாது என்றார்.

"கேட்டீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் செண்பகவடிவு சொன்னார்.

"பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

பிறகு சொர்ணலிங்கம் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். ரூட்டின் பெயரில் ஒரே ஒரு கட்டளை. அந்தக் கோப்புறை வடிவுக்கு என்று எழுதினார். தட்டுவதற்கு முன் எழுத்துக்கூட்டி இரண்டாம் முறை படித்துப் பார்த்தார். தட்டினார்.

ரூட் என்ற இடத்தில் வடிவு என்று வந்தது.

கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினார். திரை கடவுச்சொல் கேட்டது. அவர் மெஹரைப் பார்த்தார். மெஹர் விசைப்பலகையைச் செண்பகவடிவின் மடிப்பக்கம் திருப்பி வைத்தார்.

செண்பகவடிவின் விரல்கள் விசைகளைத் தடவி இடம் கண்டுகொண்டன.

சொர்ணலிங்கம் நாற்காலியோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விரல்கள் ஓயும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குரல் வந்தது. அறை நிறைய வந்தது. முதலில் வணக்கம் சொன்னது. பிறகு, நின்றுபோன இடத்திலிருந்து வாசித்தது.

'பாலத்தைக் கடந்ததும் அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.'

"அருமையா இருக்கு வடிவு" என்றார் சொர்ணலிங்கம்.

"சும்மா இருங்க" என்றார் செண்பகவடிவு. "மெதுவாக எதுக்கு?"

அந்தச் சொல்லை அழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.