தோல்வியே காணாத வெயிலுகந்தான்

ஊசிப்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கில் மாஸ்டர் சொர்ணவேல் நடத்துகிற சண்டைக்கூடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது, பரவாயில்லை. குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டையில் அங்கிருக்கும் மூன்று பேரும் தோல்வியே கண்டதில்லை. வெயிலுகந்தானுக்குப் பதினோரு வெற்றி. சங்கிலிமாடனுக்கு ஒன்பது. மூக்காண்டிக்கும் ஒன்பதுதான், ஆனால் ஆள் உயரம்.

இதில் ஒரு சின்ன விஷயம். அந்த விலக்கில் எந்த பஸ்ஸும் நிற்காது. எதிராளிகள் கண்டக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டே அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். உள்ளூர் நடுவர் அரைமணி நேரம் பார்ப்பார், "ஆள் வரலை" என்பார், நம்ம ஆள் கையைத் தூக்கிப் பிடிப்பார். அதனால் மூவரும் தினமும் கையைத் தூக்கித்தான் பயிற்சி எடுத்தார்கள். வேறெதுவும் தேவைப்படவில்லை.

கூடம் இருந்தது தெய்வநாயகம் அண்ணாச்சியின் பழைய மாவுமில்லில். ஒருநாள் அவர் வந்து நின்றார். "வாரவன் ஒருத்தனையாவது ஜெயிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா மில்லுல வைக்கோல் அடைக்கப் போறேன்." மாஸ்டர் குடியிருந்ததும் மில்லின் பின்கட்டில்தான். பாவம், மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாசரேத்திலிருந்து பொன்சிங் வந்தான். பாவிப்பயல் பைக்கில் வந்துவிட்டான்.

மூவரும் ஓரமாகக் கூடினார்கள்.

"வந்துட்டாம்லே" என்றான் சங்கிலிமாடன்.

"வந்தா என்ன செய்யணும்?" என்று கேட்டான் வெயிலுகந்தான்.

மூக்காண்டி நெடுநேரம் யோசித்தான். "திரும்பப் போய் முறைப்படி பஸ்ல வரச் சொல்லுவோம்."

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே வெயிலுகந்தா, காலைப் பிடி. நான் என் வாயால 'விடு'ன்னு சொல்ற வரைக்கும் விடாதே. அவ்வளவுதான்!"

வெயிலுகந்தானும் பொன்சிங்கும் நடுவரோடு கம்பிக் கூண்டுக்குள் ஏறினார்கள். மணி அடித்தது. வெயிலுகந்தான் பாய்ந்து நடுவரின் காலைப் பிடித்தான்.

"அவர் கால் இல்லலே, அவன் கால்!" மாஸ்டர் கத்திய கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்புறம் காற்றுதான் வந்தது.

வெயிலுகந்தான் சொல்பேச்சு கேட்கிறவன். இந்தக் கையை விடாமல் அந்தக் கையால் பொன்சிங் காலையும் பிடித்தான். இரண்டு பேரும் தொப்பென்று விழுந்தார்கள். பிடி என்றால் உடும்புப்பிடி. வலி பொறுக்காமல் பொன்சிங் அவன் முதுகில் படபடவென்று தட்டினான். தோற்றுவிட்டேன் என்பதற்கு அதுதான் அடையாளம். நம்ம ஆட்கள் அதை எங்கே பார்த்தார்கள்?

"தட்டிக் குடுக்கான் மாஸ்டர்" என்றான் வெயிலுகந்தான். "தங்கமான பையன்."

"நீ ஜெயிச்சுட்டே, தொலை! கையைக் குடு" என்று தரையில் கிடந்தபடி நடுவர் கத்தினார்.

"கை ரெண்டும் வேலையா இருக்கே."

மாஸ்டர் விடச்சொல்லிச் சைகை காட்டினார், கும்பிட்டார், அழுதே விட்டார்.

"வாயால சொல்லணும்னுதானே சொன்னீங்க?"

"கை தூக்காம வெற்றி ஏது?" என்றான் மூக்காண்டி. அவன் படித்த ஒரே பாடம் அது. அண்ணாச்சிக்கும் அது நியாயமாகப் பட்டது. கையோடு கொண்டுவந்திருந்த வைக்கோல் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, வண்டிமேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மாஸ்டர் உப்புத்தண்ணீர் கொப்பளித்தார், மிளகு மென்றார். தரையில் கிடந்த மூவருக்கும் சங்கிலிமாடன் பரோட்டா ஊட்டினான். பொன்சிங் கூடுதலாகச் சால்னா கேட்டான்.

மறுநாள் விடிந்தபிறகு மாஸ்டருக்கு ஒரு சொல் வந்தது: "விடு."

வெயிலுகந்தான் விட்டான். நடுவர் நொண்டியபடி எழுந்து அவன் கையைத் தூக்கினார். அண்ணாச்சி மில் சாவியை மாஸ்டர் கையில் கொடுத்தார். மாஸ்டர் சந்தோசத்தில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பொன்சிங் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனான்.

வெயிலுகந்தான் மட்டும் கூண்டை விட்டு இறங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான்.

"பொன்சிங் எங்கே?"

"போயிட்டாம்லே" என்றான் சங்கிலிமாடன்.

"அப்ப எதிர்ல ஆள் இல்லையே?"

நடுவர் காலைத் தடவிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். முறைப்படி அரைமணி நேரம் காத்திருந்தார். "ஆள் வரலை" என்று சொல்லி மறுபடியும் அவன் கையைத் தூக்கினார்.

வெயிலுகந்தானுக்கு இப்போது பதிமூன்று வெற்றி.