கௌதாரி கேட்ட எட்டாவது வாய்தா

கருவேலங்காட்டில் கௌதாரி ஒன்று வக்கீலுக்குப் படித்தது. ஐந்து வருடம், ஒரு வகுப்புக்கூட மட்டம் போடாமல் படித்தது. பரீட்சையில் முதலாவதாகத் தேறியது. கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு, "அநியாயத்துக்குத் துணை போக மாட்டேன்" என்று உறுதிமொழியும் எடுத்துக்கொண்டது.

அங்கி கிடைத்துவிட்டால் வக்கீலாகிவிட முடியுமா? அதுதான் முடியாது! அந்தக் காட்டின் சட்டப்படி இரண்டு வருடம் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் சொந்தமாக வழக்கு எடுக்கலாம்.

கௌதாரிக்குக் கிடைத்த சீனியர் கொக்கு. வெள்ளை வெளேர் என்ற தோற்றம், அளந்து பேசும் பேச்சு. காடே கும்பிடும் பெரிய வக்கீல்! சேர்ந்த அன்று கௌதாரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் இரண்டு வருடமாக அது கோர்ட்டில் பேசியதெல்லாம் ஒரே வாக்கியம்தான். "சீனியர் வெளியூரில் இருக்கிறார். வழக்கைத் தள்ளிவைத்து வாய்தா தர வேண்டும்!" படித்த சட்டமெல்லாம் தொண்டைக்குக் கீழேயே கிடந்தது.

அன்று இரண்டாவது வருடத்தின் கடைசி நாள். காலையிலேயே கொக்கு கூப்பிட்டது.

"ஏம்மா, இன்னைக்கு மீன்கள் கேஸ் வருது. ஒரு வாய்தா வாங்கிடு. சாயங்காலம் வா, கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"இது எட்டாவது வாய்தா சார்! மீன்கள் பாவம் இல்லையா?"

"பொறுமைதாம்மா வக்கீலுக்கு அழகு!" என்று சொல்லிவிட்டுக் கொக்கு பறந்து போனது.

வழக்கு இதுதான். சேற்றில் புரள ஆசைப்பட்ட காட்டுப்பன்றி, குளத்துக்கு வரும் வாய்க்காலை மண்ணைப் போட்டு அடைத்துத் தன் பக்கம் திருப்பிவிட்டது. அதைத் திறக்கச் சொல்லி மீன்கள் வழக்குப் போட்டிருந்தன. கோடை வெயிலில் குளம் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டிருந்தது. கரையேற முடியாத மீன்களுக்காகத் தவளைதான் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தது.

மருத மரத்தடியில் நீதிபதி யானை வந்து நின்றது. பெயர் கூப்பிடும் டவாலி குரங்கு கூவியது.

"குளத்து மீன்கள்! குளத்து மீன்கள்! குளத்து மீன்கள்!"

கௌதாரி எழுந்தது. பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது. "கனம் நீதிபதி அவர்களே! சீனியர் வெளியூரில் இருக்கிறார். ஒரு வாய்தா..."

காட்டுப்பன்றி கெக்கலித்தது. யானை சலிப்போடு காதை ஆட்டியது. "மறுபடியுமா? சரி, அடுத்த பௌர்ணமிக்கு..." என்று தேதி எழுதத் தும்பிக்கையில் குச்சியை எடுத்தது.

கௌதாரியின் அங்கியைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். தவளை!

"வக்கீலம்மா! அடுத்த பௌர்ணமிக்கு யாரு உயிரோட இருப்பா? கேஸ் போட்டப்போ தண்ணி உங்க சீனியருக்குத் தொடை வரைக்கும் இருந்துச்சு. போன மாசம் முட்டி வரைக்கும். இப்போ கணுக்கால்தான்!"

"தண்ணியை எதுக்கு எங்க சீனியர் காலை வெச்சு அளக்குறே? அவர்தான் வெளியூர்ல இருக்காரே?"

"வெளியூரா? தினமும் எங்க குளத்துலதான் நிக்கிறார்! அவர் வந்துட்டுப் போனா நாலஞ்சு பேரைக் காணோம். கேட்டா, கேஸை விட்டுடுவேன்னு மிரட்டுறார். தண்ணி குறையக் குறைய ஓடி ஒளிய இடமில்லம்மா!"

கௌதாரிக்கு அப்போதுதான் விளங்கியது. குளம் வற்றினால் கொக்குக்கு விருந்து. குளம் வற்றத்தான் வாய்தா. அந்த வாய்தாக்களை வாங்கிக் கொடுத்தது யார்? தானேதான்!

பேசினால் கையெழுத்து போய்விடும். ஏழு வருடப் பாடு வீணாகிவிடும். பேசாவிட்டால் மீன்கள் போய்விடும். யானையின் குச்சி மண்ணில் முதல் கோட்டை இழுத்துவிட்டது.

"ஐயா, எழுதாதீர்கள்!" என்று கௌதாரி கத்தியது. "வாய்தா வேண்டாம்! நானே வாதாடுகிறேன்!"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. பன்றியின் வக்கீல் முள்ளம்பன்றி துள்ளி எழுந்தது. "இது வெறும் ஜூனியர்! இதற்கு ஏது உரிமை?"

"வக்காலத்துப் பத்திரத்தில் சீனியருக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மீன்கள் என்னையும் நம்பித்தான் அதைக் கொடுத்தன!"

யானை வழக்குக் கட்டை அவிழ்த்தது. ஒவ்வொரு தாளாகப் புரட்டியது. கடைசியில் யானை நிமிர்ந்தது.

"கையெழுத்து இருக்கிறது. பேசு!"

கௌதாரி அங்கியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தது. பேச்சு வந்தது பாருங்கள், மடை திறந்த வெள்ளம்தான்!

"ஐயா! மலையிலிருந்து வரும் தண்ணீருக்குப் பன்றி சொந்தக்காரரா? அது ஊர்ப் பொது. அவர் புரள ஒரு குழி போதும். மீன்களுக்கு அந்தத் தண்ணீர்தான் மூச்சு! உயிரை எடுத்து ஒருவர் சுகப்பட எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது?" பின்னாலேயே, கொக்கு தினமும் எங்கே நிற்கிறது என்பதையும் தவளையை விட்டுச் சொல்ல வைத்தது.

முள்ளம்பன்றி இழுத்தது. "பதில் சொல்ல எனக்கு ஒரு வாய்தா..."

"கிடையாது!" என்று யானை பிளிறியது. "வாய்க்காலை இப்போதே திறக்க வேண்டும்!"

தீர்ப்புச் சொன்ன கையோடு யானையே நடந்து போய், கௌதாரியும் தவளையும் பின்தொடர, வாய்க்கால் மண்ணைக் காலால் தள்ளியது. தண்ணீர் குளத்துக்குள் பாய்ந்தது. அங்கே நின்றிருந்த கொக்கின் அலகில் பாதி மீன் தொங்கிக்கொண்டிருந்தது. யானை அதன் அங்கியைப் பிடுங்கி எறிந்தது.

அங்கி பறிபோனவர் கையெழுத்து செல்லாது. "இனி வேறு சீனியரிடம் முதலிலிருந்து இரண்டு வருடம் இருக்க வேண்டும்" என்று யானை வருத்தத்தோடு சொன்னது. கௌதாரி தலையாட்டியது. அதன் கவனம் முழுவதும் குளத்தின் மேல்தான் இருந்தது.

"மொத்தம் எத்தனை பேர் இருக்காங்க?" என்று தவளையைக் கேட்டது.

"கேஸ் போட்டப்போ முந்நூறு பேர். இப்போ நாப்பத்தொண்ணு."

கௌதாரி தான் வாங்கிய ஏழு வாய்தாக்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது. பிறகு கரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதது.

படித்ததைப் பேச வேண்டிய நாளில் பேசாமல் இருப்பவர், தம்மை நம்பி வந்தவர்களின் உயிரைத்தான் விலையாகக் கொடுக்கிறார்.