நாற்பது இடது கால்கள்

ஒரு காட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தது ஒருவர். மாலை வாங்க வந்து நின்றது இன்னொருவர். இரண்டையும் கண்ணால் பார்த்துவிட்டு, ஒன்றுமே பார்க்காததுபோல் நடையைக் கட்டியவர் ஒருவரும் அங்கே உண்டு. குற்றவாளி அவர்தான் என்பேன். பெயரை நான் சொல்லப்போவதில்லை, குழந்தைகளே. கதை முடிவதற்குள் அவருக்கே காது சுடும்.

அந்தக் காட்டில், மூன்று ஓடைகள் கூடும் மேட்டில், விலங்குகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. பாம்பிடமிருந்து தப்பும் கலைக்கு அங்கே தனித் துறை. ஏனென்றால் நல்ல புல்லெல்லாம் பள்ளத்தாக்கில் இருந்தது. பாம்புகளும் அங்கேதான் இருந்தன. அந்தத் துறையில் தேறியவர்களுக்கு மட்டுமே பள்ளத்தாக்கில் இறங்க அனுமதி. தேறாதவர்கள் பாறைக்காட்டுக்குத் திரும்பிப் போய்க் காய்ந்த சருகைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

துறைத்தலைவர் ஒரு மயில். நாவல் மரத்தின் நடுக்கிளையில் அமர்ந்து, தோகையைத் தொங்கவிட்டுக்கொண்டு பாடம் நடத்தும்.

"பாம்பின் பாய்ச்சல் ஏழு வகைப்படும். எழுதிக்கொள்ளுங்கள்," என்னும்.

முதலாண்டு மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். யாராவது சந்தேகம் கேட்டால், "அது அடுத்த வகுப்பில் வரும்," என்னும். அடுத்த வகுப்பில் தோகையின் பெருமைதான் வரும். அந்த மயில் தரையில் இறங்கி ஒரு தடவையாவது தப்பிக் காட்டியதாக யாருக்கும் நினைவில்லை. போன வருடம் நாற்பது பேர் சேர்ந்தார்கள். முப்பத்தொரு பேர் பாறைக்காட்டுக்குத் திரும்பினார்கள்.

அந்த மயிலை நெறியாளராகக் கொண்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது சுள்ளி என்ற கீரி. பாய்வதற்கு முன் பாம்பு கழுத்தை எப்படி அசைக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. அது ஐந்தாவது வருடம்.

சுள்ளி அங்கே இடம் பிடித்ததே ஒரு தனிக் கதை. "உன் வீட்டில் யாராவது படித்திருக்கிறார்களா?" என்று வாசலில் மறித்ததாம் முள்ளம்பன்றி எழுத்தர். "முதலில் ஒருத்தி படித்தால்தானே ஐயா, அடுத்து வருகிறவளிடம் நீங்கள் இதைக் கேட்காமல் இருக்கலாம்? உங்கள் வேலையைக் குறைக்கத்தான் வந்திருக்கிறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்ததாம் சுள்ளி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குட்டியாக இருந்தபோது சுள்ளியின் இடது பின்னங்கால் ஒரு கண்ணியில் மாட்டிக்கொண்டது. கயிற்றைத் தானே கடித்து அறுத்துக்கொண்டு வந்தது. கால் பிழைத்தது. ஆனால் சட்டென்று திரும்பும்போது மட்டும் அந்தக் கால் லேசாக இழுக்கும்; ஒரு தத்தல் தத்தித்தான் நிலைக்கு வரும். பழகிப்போனதால், தான் நொண்டுவதே சுள்ளிக்கு மறந்துவிட்டது.

ஒருநாள் நண்பகல். மயில் உண்ட களைப்பில் கிளையிலேயே கண்ணயர்ந்திருந்தது. சுள்ளி கரையான் புற்றுக்குப் பின்னால் உட்கார்ந்து தன் குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. முதலாண்டு முயல் ஒன்று வந்து நின்றது. அதன் பெயர் பூளை.

"அக்கா."

"என்ன?"

"பருவத் தேர்வில் உறைந்துபோய் நின்றுவிட்டேன்."

"பாய்ச்சல் எத்தனை வகை?"

"ஏழு. மனப்பாடமாகத் தெரியும்."

"எட்டாவதாக ஒன்று வந்தால்?"

பூளை சற்று யோசித்தது. "செத்துப்போவேன் அக்கா."

சுள்ளிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டது. "எனக்குத் தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. போய் உங்கள் பேராசிரியரைக் கேள்."

"கேட்டேன். அடுத்த வகுப்பில் வருமாம்."

சுள்ளிக்கு மூக்கு நுனி சிவந்தது. முதலாண்டில் அதுவும் இதே பதிலை வாங்கிக்கொண்டு, இதே புற்றடியில் வந்து உட்கார்ந்ததுதான்.

"சும்மா சொல்லித்தர மாட்டேன்," என்றது சுள்ளி. "பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் பதினெட்டுப் பாம்பு வளைகளையும் என் ஒருத்தியால் பார்க்க முடியவில்லை. தினமும் காலையில் நீ ஒரு வளைக்கு எதிரே எட்ட நின்று, பாம்பு கழுத்தை எப்படி அசைத்தது என்று பார்த்து வந்து சொல். நண்பகலில் நான் தப்பக் கற்றுத்தருகிறேன். கட்டுமா?"

"கட்டும் அக்கா. என் தோழி அணிலும் வரலாமா?"

"அவளுக்கும் ஒரு வளை."

மறுநாள் வகுப்பு தொடங்கியது. சுள்ளி ஒரு நீளமான கொடியை வாயில் கவ்வி, பாம்புபோல் வளைத்து வளைத்து இழுத்துக் காட்டியது.

"கண்ணைப் பார்க்காதே, மயங்கிவிடுவாய். வாலைப் பார்க்காதே, ஏமாந்துவிடுவாய். கழுத்தைப் பார். கழுத்து பின்னால் போனதும் நீ பக்கவாட்டில் போ. இவ்வளவுதான் பாடம்."

"எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டது அணில்.

"எழுதிக்கொண்டு இரு. பாம்பு படித்துப் பார்த்துவிட்டுக் கடிக்கும்."

பிறகு யாரும் எழுதவில்லை. சுள்ளி திரும்பியது, அவர்களும் திரும்பினார்கள். விழுந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி திரும்பினார்கள். தப்பு செய்தவர்களைச் சுள்ளி வாய்க்கு வந்தபடி திட்டியது. ஆனால் சரியாக வரும்வரை ஒருவரையும் வீட்டுக்கு விடவில்லை. ஒரு மாதத்தில் முயல், அணில், பெருச்சாளி, கௌதாரி என்று முதலாண்டின் நாற்பது பேரும் புற்றடிக்கு வந்துவிட்டார்கள்.

துணைவேந்தர் யானை குளத்துக்குப் போகும் வழி அந்தப் புற்றை ஒட்டித்தான் போயிற்று. தினமும் அது வகுப்பைப் பார்க்கும், காதை ஆட்டும், போய்விடும்.

சுள்ளி இரண்டு தடவை அதை வழிமறித்துக் கேட்டது. "ஐயா, இங்கே ஒரு வகுப்பு நடப்பது உங்களுக்கே தெரியும். வெயிலுக்கு ஒரு பந்தல் போட்டுக் கொடுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதுங்கள்."

இரண்டு தடவையும் யானை சொன்னது ஒரே சொல்தான். "பார்ப்போம்."

ஆண்டுத் தேர்வு வந்தது. தேர்வாளராக வந்தது பல் போன ஒரு கிழச் சாரைப்பாம்பு. அது கடிக்காது, ஆனால் எளிதில் விடவும் விடாது. நாற்பது பேரும் ஒவ்வொருவராக அதன் முன்னால் போய் நின்றார்கள். நாற்பது பேரும் தேறினார்கள்.

யானைக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே பெரிய பாறைப் பலகையில் எழுத்துகள் முளைத்தன: 'தோகை வழிகாட்டும் திட்டம். நிறுவியவர்: மயில் பேராசிரியர்.' பாராட்டு விழாவுக்கு நாளும் குறித்தாயிற்று.

விழாவுக்கு முந்தின நாள் மயில் சுள்ளியைக் கூப்பிட்டு ஓர் ஓலையை நீட்டியது.

"இதில் உன் காலைப் பதித்துவிடு அம்மா. முதலாண்டு மாணவர்களுக்கு நான் சொன்னபடி நீ சில்லறை உதவிகள் செய்தாய் என்று எழுதியிருக்கிறேன்."

"நீங்கள் எப்போது ஐயா சொன்னீர்கள்?"

"என் துறையில் நடப்பதெல்லாம் நான் சொல்லி நடப்பதுதானே?"

"என் ஆராய்ச்சி ஏட்டில் உங்கள் நகம் பதிந்தால்தான் எனக்குப் பட்டம். ஏழு மாதமாக உங்கள் காலடியில் கிடக்கிறது."

"இதில் உன் கால் பதியட்டும். அதில் என் நகம் பதியும்."

ஆக, விலை இதுதான். சுள்ளி கோபத்தைக் கடித்து விழுங்கிவிட்டுப் பேரத்தில் இறங்கியது.

"திட்டத்துக்கு உங்கள் பெயரே இருக்கட்டும். கற்றுக்கொடுத்தது கீரி என்று கீழே ஒரு வரி போடுங்கள்."

"ஒரு வரி அதிகம். 'மற்றும் பலர்' என்று போடுகிறேன்."

"அந்தப் பலரில் நான் எத்தனையாவது ஆள்?"

"அடுத்த வருடம் துணை ஆசிரியர் இடம் ஒன்று காலியாகிறது, சுள்ளி."

"பேரம் என்றால் நீங்கள் கொஞ்சம் ஏற வேண்டும், நான் கொஞ்சம் இறங்க வேண்டும். நீங்கள் என் பொருளையே எடுத்து என்னிடமே விலை சொல்கிறீர்கள்."

"யோசித்துக்கொள். உன் ஐந்து வருடமும் போய்விடும்."

"போகட்டும்."

ஓலையைக் கீழே வைத்துவிட்டுச் சுள்ளி திரும்பி நடந்தது. புற்றடி வரைக்கும் தலை நிமிர்ந்துதான் நடந்தது. அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் கணக்குப் பார்த்தது. ஐந்து வருடம். பதினெட்டு வளைகள். அத்தனையும் ஒரு மயிலின் நகத்தடியில் சிக்கிக் கிடந்தன.

மறுநாள் காலை விழா. காடே திரண்டிருந்தது. மயில் புதிதாகக் கோதிய தோகையோடு கிளையில் அமர்ந்திருந்தது. சுள்ளி கடைசி வரிசையில் நின்றது.

"நான் கற்றுக்கொடுத்ததை என் மாணவர்கள் இப்போது செய்துகாட்டுவார்கள்," என்றது மயில்.

நாற்பது பேரும் வரிசையாக நின்றார்கள். கிழச் சாரை அவர்கள் முன்னால் ஊர்ந்து வந்து தலையைத் தூக்கியது. அதன் கழுத்து பின்னால் போயிற்று.

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திரும்பினார்கள். திரும்பும்போது நாற்பது பேரும் இடது காலை லேசாக இழுத்து, ஒரு தத்தல் தத்தினார்கள். முயல் தத்தியது. அணில் தத்தியது. கொழுத்த பெருச்சாளி தத்தியது. இரண்டே கால் உள்ள கௌதாரிகூட இடது காலை இழுத்துத் தத்தியது.

சாரை பாயவில்லை. தலையைத் தரையில் வைத்து, நாற்பது கால்களையும் ஒரு தடவை பார்த்தது.

"பேராசிரியரே, ஒரு சின்னச் சந்தேகம். உங்களுக்கு எந்தக் காலில் அடி?"

"அடியா? என் இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன."

"அதனால்தான் கேட்கிறேன். தேர்வில் ஒவ்வொருவராக வந்தார்கள். பதற்றத்தில் தத்துகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது பார்த்தால் நான்கு கால் உள்ளவர்கள் எல்லோரும் இடது பின்னங்காலை இழுக்கிறார்கள். உங்களுக்குப் பின்னங்காலே கிடையாதே."

கூட்டத்தில் ஒரு நரி கனைத்தது.

"அது... நான் கண்டுபிடித்த புதிய உத்தி," என்றது மயில்.

"அப்படியானால் இறங்கி வந்து ஒரு தடவை காட்டட்டும்," என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சுள்ளியின் குரல்தான்.

எல்லோரும் கிளையைப் பார்த்தார்கள். மயிலுக்கு இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இறங்கியது. சாரையின் கழுத்து பின்னால் போயிற்று. மயில் கழுத்தைப் பார்க்கவில்லை; கூட்டத்தைப் பார்த்துத் தோகையை விரித்தது. திரும்பியபோது தன் தோகையைத் தானே மிதித்து மல்லாந்து விழுந்தது. சாரை மெல்ல ஊர்ந்து வந்து, அதன் மார்பின்மேல் தன் தாடையை வைத்தது.

"தேறவில்லை," என்றது.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் பூளை கடைசி வரிசைக்கு ஓடி வந்துவிட்டது.

"அக்கா, அந்தத் தத்தல் பாடத்தில் இல்லையா?"

சுள்ளி குனிந்து தன் காலைப் பார்த்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தது. "இல்லையடி. அது கண்ணியில் மாட்டிய கால்."

"எங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் செய்தீர்கள். அப்படிச் செய்தால்தான் தப்பலாம் என்று நாங்களும் செய்தோம்."

"இனி விட்டுவிடு."

"இனிமேலா? அது இல்லாமல் எனக்குத் திரும்பவே வராது."

சுள்ளி பூளையின் தலையை ஒரு தடவை வருடியது. அதற்குமேல் அங்கே நிற்க நேரமில்லை. ஏனென்றால் யானை எழுந்துகொண்டிருந்தது.

"சரி, சரி. நடந்தது நடந்துவிட்டது," என்று காதை ஆட்டியது யானை. "இதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்." சொல்லிவிட்டுக் குளத்துப் பக்கம் திரும்பியது.

சுள்ளி ஓடிப் போய் வழியின் நடுவில் நின்றது. யானையின் ஒரு நகத்தளவுதான் இருந்தது அது. பூளை தத்திக்கொண்டு வந்து அதன் பின்னால் நின்றது. அணில் வந்தது. பெருச்சாளி வந்தது. நாற்பது பேரும் இடது காலை இழுத்துக்கொண்டே வந்து, புற்றிலிருந்து ஓடை வரைக்கும் வழியை அடைத்து நின்றார்கள்.

"நகர்ந்துகொள் அம்மா," என்றது யானை.

"நகர மாட்டேன் ஐயா. மயில்மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. நாங்கள் படித்த நேரமெல்லாம் அது தூங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் விழித்துக்கொண்டு எங்களைத் தாண்டி நடந்தீர்கள். தினமும் நடந்தீர்கள். இரண்டு தடவை கேட்டேன், பார்ப்போம் என்றீர்கள். நீங்களும் பார்த்தாகிவிட்டது, காடும் பார்த்தாகிவிட்டது. இனி இதில் பேரம் கிடையாது. அந்தப் பாறையில் இருக்கும் பெயரை அழியுங்கள். கற்றுக்கொடுத்தது யார் என்று எழுதுங்கள். என் ஏட்டில் உங்கள் காலைப் பதியுங்கள். அடுத்த வருடம் வரப்போகிற நாற்பது பேருக்குப் புற்றடியில் ஒரு பந்தல் போடுங்கள். இன்றே செய்யுங்கள், இத்தனை பேர் பார்க்கச் செய்யுங்கள். அதுவரைக்கும் குளத்துக்கு இந்த வழி இல்லை."

நீதி: கற்றுக்கொடுத்தது யார் என்பது கற்றவர் நடையிலேயே தெரிந்துவிடும், தெரிந்தும் வாய் திறக்காத பெரியவர் இனியாவது அந்தப் பெயரை எழுதட்டும்.