பொன் கறுக்கும் சூடு

மூன்று வாரமாக ஆய்வு மாணவி வடிவு உலையைப் போடாமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஆர்கான் வாயு தீர்ந்துவிட்டது என்றாள். இன்னொரு நாள் கரண்ட் நிற்காது என்றாள். ஆய்வுக்கூட உதவியாளனான எனக்குத் தெரியாதா என்ன, சிலிண்டரை மாற்றியதே நான்தான்.

அன்று காலை வழிகாட்டிப் பேராசிரியர் ஹெலன் மேடமே வந்துவிட்டார்.

"நம்பியோட அப்பா மறுபடி போன் பண்ணினார். மகன் பட்டத்தை அவர் கையால வாங்கணுமாம். அவன் படலத்தைச் சூடாக்கி எடுக்கிற ஒரே ஒரு அளவு பாக்கி. ஏம்மா இழுத்தடிக்கிறே?"

வடிவு ஒரு கண்ணாடித் தகட்டை நீட்டினாள். அதன்மேல் நகத்தளவு சமாரியம் சல்பைடு படலம், கன்னங்கரேல் என்று. அவளோடு ஆய்வு செய்த நம்பிராஜன் ஒரு சனிக்கிழமை வளர்த்தது. மறுநாளே பைக் விபத்தில் போய்விட்டான். படலத்தில் ஊசியால் 'ந 7' என்று கீறியிருந்தான். கீறிய இடம் மட்டும் தங்கமாக மின்னியது. அந்தப் பொருள் அப்படித்தான், அழுத்திக் கீறினால் பொன்னாகும், சூடு காட்டினால் பழையபடி கறுத்துவிடும்.

"நம்பரைக் கண்ணாடிக்குப் பின்பக்கம் எழுதுடான்னு அன்னிக்கே திட்டினேன் மேடம். பாவிப்பய, படலத்து மேலயே எழுதிட்டான். உலையில வச்சா அவன் கையெழுத்து போயிரும். வேற என்ன இருக்கு எனக்கு?"

மேடம் அலமாரியிலிருந்து நம்பியின் குறிப்பேட்டை எடுத்தார். வடிவு அதைத் திறக்கப் பயந்து அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள். மேடம் கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவள் முன் வைத்தார்.

'வடிவு திட்டினாள். வேண்டுமென்றுதான் கீறினேன், அவளிடம் சொல்லவில்லை. இந்தப் பொன் எத்தனை டிகிரியில் கறுக்கும்? திங்கட்கிழமை பார்க்கணும்.'

வடிவு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளே தகட்டை உலையில் வைத்தாள்.

சூடு ஏறியது. உலையின் சின்னச் சன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் ஏழு மங்கியது. 'ந' கொஞ்ச நேரம் பிடிவாதமாக நின்றது. அப்புறம் அதுவும் போயிற்று.

"போயிருச்சு மேடம். ஒண்ணுமே இல்ல. இனி நான் எதைப் பாக்கிறது?"

மேடம் பேனாவை அவள் கையில் வைத்தார்.

"மீட்டர்ல எத்தனை டிகிரின்னு பாரு. அவன் உன்னைத்தான் கேட்டிருக்கான். பதில் எழுது."