ராணுவ ட்ரெய்லரும் ஒரு வசதிக் குறைவும்

கேள்வி கேட்டால் முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங் வைக்கத் தொடங்கிவிடும் குரு ஒருவர் காரமடை சாலையில் இருந்தார். பெயர் திருமூர்த்தி. பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஜீப்புக்குக் கூண்டு கட்டவும் டிராக்டருக்குப் பெட்டி செய்யவும் வேண்டியவர்கள் எப்படியும் விசாரித்து வந்துவிடுவார்கள் என்று இருந்துவிட்டார்.

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. பட்டறையின் பின்பக்கமே வீடு. அங்கே தானே பொங்கித் தானே சாப்பிடுவார்.

சீடருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் நாச்சிமுத்து. கோவையில் ஒரு கல்லூரியில் முப்பத்துமூன்று ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம். சீடரின் சட்டைப் பையில் சர்க்கரை மாத்திரை இருந்ததாக வேறு எந்த ஞானக் கதையிலும் நான் கேள்விப்பட்டதில்லை. இவர் பையில் இருந்தது.

அவர் வெறுங்கையோடு வரவில்லை. ஜீப்புக்குப் பின்னால் ஒரு ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தார். ராணுவம் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்தது. ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், அழுக்குப் பச்சை, பக்கவாட்டில் அழிந்தும் அழியாமலும் ஒரு வெள்ளை எண். அது வீட்டு வாசலில் நின்ற நாலு நாளும், எல்லையில் ஏதாவது பிரச்னையா என்று தெருக்காரர்கள் விசாரித்துக்கொண்டே இருந்தார்களாம்.

"இதை என்னங்க சார் பண்ணோணும்?" என்றார் குரு.

ரோடு இல்லாத இடத்துக்கும் இழுத்துப் போகிற மாதிரி, அங்கேயே தங்கிச் சாப்பிட்டு வருகிற மாதிரி மாற்ற வேண்டும் என்றார் சீடர். நீலகிரியில் மஞ்சூருக்கு மேலே நண்பர் ஒருவருக்குத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அதன் உச்சியில் ஒரு புல்மேடு. அங்கே மனைவியோடு மூன்று நாள் இருந்துவிட்டு வர வேண்டும். வேலையைத் தானும் கூடவே நின்று கற்றுக்கொள்ளப் போவதாகவும், ஆகையால் இன்றுமுதல் குருவே என்றுதான் கூப்பிடப் போவதாகவும் சொன்னார்.

குரு ஆட்சேபிக்கவில்லை. ஆனால் கடைசிவரை அவர் சீடரை சார் என்றுதான் கூப்பிட்டார்.

முதல் பதினைந்து நாள் அடிப்பாகத்தில் கழிந்தது. துருவைச் சுரண்டினார்கள். அதிர்வைத் தாங்கும் கமான் பட்டைகளைக் கழற்றி, இரண்டு பட்டை கூடச் சேர்த்துப் போட்டார்கள். சக்கரத்தைப் பெரிதாக்கி வண்டியை ஒரு சாண் உயர்த்தினார்கள். எடையை அச்சுக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு வைக்க வேண்டும் என்று சீடர் சாக்பீஸால் தரையில் சமன்பாடு எழுதி விளக்கினார். குரு முழுவதையும் நின்று கேட்டார்.

"நாங்க இதை முன்பாரம்னு சொல்லுவமுங்க," என்றுவிட்டு, கொக்கியைக் கையால் தூக்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார்.

பதினாறாம் நாள் டீ குடிக்கும்போது சீடர் தன் கேள்வியைக் கேட்டார்.

"குருவே, அவ எப்படி வருவா?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் மனைவி சம்பூர்ணம் வருவதாக இன்னும் ஒப்புக்கொள்ளவே இல்லை. கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில் இருவரும் தனியாக எங்குமே போனதில்லை. கல்யாணம், காது குத்து, எழவு, பழனி, எல்லாமே வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு போனதுதான். ரிட்டையர் ஆகட்டும், ரிட்டையர் ஆகட்டும் என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். ஆகி ஆறு மாதம் வீட்டில் இருந்து பார்த்ததில், தனக்குப் பேச்சுத் துணையாக உலகத்தில் அவளைத் தவிர ஒருவரும் வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்துபோனது. அவளுக்கோ உட்கார நேரமில்லை. தையில் மகளுக்குப் பிரசவம். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு அவளைப் பிடிக்க முடியாது. இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது.

"அம்மா என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க," என்றார் குரு.

"'எனக்கு வசதிப்படாதுங்க, நீங்க போய்ட்டு வாங்க'ன்னு சொன்னா."

இந்த ஒரு சொல்லை நாமெல்லாம் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம். பத்திரிகை வைத்தவரிடம், நன்கொடைப் புத்தகத்தோடு வந்தவரிடம், மாப்பிள்ளை வீட்டாரிடம். சொல்கிறவருக்கும் அர்த்தம் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். யாரும் மேற்கொண்டு விளக்கம் கேட்பதில்லை. ஆனால் எதையும் பகுத்துப் பார்த்தே பழகிய மனிதரிடம் அது போய்ச் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். வசதி, படாது. அதாவது வசதி போதவில்லை. வசதியைச் செய்துவிட்டால் தடை நீங்கிவிடும். சீடர் இதை ஒரு முழு நீளத் தாளில் பட்டியலாகவே எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

குரு தாளை வாங்கிப் படித்தார். முகமூடியை இறக்கிக்கொண்டார்.

முதலில் படுக்கை. மேல்மூடியைத் திறந்தால் அதுவே கூரையாகி, தார்ப்பாய் விரிந்து, உள்ளே இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம். இலவம்பஞ்சு மெத்தை போட்டார்கள். சீடர் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். மறுநாள் தொங்கிய முகத்தோடு வந்தார்.

"வசதிப்படாதுன்னுட்டா."

"மெத்தை வேணும்னு அம்மா கேட்டாங்களா?"

"கேக்கலை. ஆனா இடுப்பு வலிக்காரி. தேவைப்படுமில்லையா?"

அடுத்து தண்ணீர்த் தொட்டி. அதன் பிறகு, ஏறிப்போக மூன்று படிகளும் கைப்பிடியும். அதன் பிறகு, மறைப்புக் கூடாரத்தோடு கழிப்பறை. இதற்கு எப்படியும் மசிந்துவிடுவாள் என்று சீடர் உறுதியாக நம்பினார். சம்பூர்ணம் முழுவதையும் கேட்டுவிட்டு, ரொம்ப நல்லா இருக்குதுங்க, எனக்குத்தான் வசதிப்படாது என்றாளாம். சூரியசக்தித் தகடு வைத்து மின்விசிறி மாட்டினார்கள். நீலகிரியில், கார்த்திகை மாதத்தில், மின்விசிறி. குரு அதையும் மாட்டினார்.

ஒவ்வொரு முறையும் அம்மா கேட்டாங்களா என்றார். ஒவ்வொரு முறையும் கேட்கவில்லை என்று பதில் வந்தது. குருவுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வேலை பிடித்திருந்தது, செய்துகொண்டிருந்தார்.

கடைசியில் சீடர் தன் பெரிய ஆயுதத்தை எடுத்தார். சமையலறை.

இதற்காக அவர் ஒரு வாரம் உளவு பார்த்தார். சம்பூர்ணம் குளிக்கப் போகும் நேரத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுச் சமையல் மேடையை அளந்தார். தரையிலிருந்து முப்பது அங்குலம். அவள் ஐந்தடிக்குக் குறைவு என்பதால் வீடு கட்டும்போதே அப்படிப் போட்டது. அஞ்சறைப் பெட்டி எந்தப் பக்கம், உப்பு ஜாடி எந்தக் கைக்கு, இடுக்கி எந்த ஆணியில் என்று படம் வரைந்தார். ஒருநாள் கையும் டேப்புமாக மாட்டிக்கொண்டு, சும்மாதான் என்று சொல்லிச் சமாளித்தார்.

அதை அப்படியே குரு இரும்பிலும் தகரத்திலும் செய்தார். ட்ரெய்லரின் பின்பக்கம் இழுப்பறை மாதிரி இழுத்தால் முழுச் சமையலறையும் வெளியே வரும். இரட்டை அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, மிக்சி வைக்க இடம், இட்லிக் குண்டானுக்கு ஒரு வளையம், காப்பி வடிகட்டிக்குத் தனியாக ஒரு குழி. முப்பது அங்குலம் சுத்தமாக இருந்தது.

அந்த வாரமே சோதனை ஓட்டம் நடந்தது. பட்டறைக்குப் பின்னால் இருந்த வறண்ட பள்ளத்தில், கல்லிலும் குழியிலும் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு சீடர் ஒரு மைல் போய்வந்தார். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறியபோதும் மற்றது தரையை விடவில்லை. ஒரு மறைகூடக் கழலவில்லை. கடுகு மட்டும் மெத்தைக்குப் போயிருந்தது. சீடர் இறங்கி வந்து குருவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது.

இனி வாயால் சொல்லிப் பயனில்லை, நேரிலேயே காட்டிவிடலாம் என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு சம்பூர்ணம் பஸ்ஸில் வந்து இறங்கினார். இரண்டு பேருக்கும் தூக்குப் போசியில் தயிர்ச்சோறும் மாவடுவும் கொண்டுவந்திருந்தார். வந்ததும் ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். படிகளில் ஏறி இறங்கினார். மின்விசிறியைப் பார்த்துவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

சீடர் பின்பக்கம் போய், திரை விலக்குகிற பாவனையில், சமையலறையை இழுத்தார்.

சம்பூர்ணம் அதன் முன்னால் போய் நின்றார். மேடை அவர் இடுப்புக்குக் கச்சிதமாக வந்தது. பார்க்காமலேயே வலது கையை நீட்டினார், லைட்டர் இருந்தது. இடது கையை நீட்டினார், உப்பு ஜாடி இருந்தது. தலைக்கு மேலே கையைத் தூக்கினார், இடுக்கி அந்த ஆணியில்தான் தொங்கியது.

"அப்படியே நம்ம வீடு மாதிரியே இருக்குதுங்க," என்றார்.

சீடருக்குத் தலைகால் புரியவில்லை. குருவைப் பார்த்துச் சிரித்தார். சாப்பிட்டபடியே மஞ்சூரில் பனி எப்போது விழும், விடிகாலையில் மேகம் எவ்வளவு கீழே நிற்கும் என்று பேசிக்கொண்டே போனார். சாப்பிட்டு முடித்ததும் இருவரின் தட்டையும் போசியையும் சம்பூர்ணம் எடுத்துக்கொண்டு போய், ட்ரெய்லரின் புதுத் தொட்டியில், புதுக் குழாயைத் திறந்து, கழுவிக் கவிழ்த்தார். சீடர் அப்போது கமான் பட்டையைப் பற்றி மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். குரு அந்த அம்மா பாத்திரம் கழுவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சம்பூர்ணம் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். குருவிடம், ரொம்ப நேர்த்தியா செஞ்சிருக்கறீங்க தம்பி என்றார். பிறகு கணவரிடம் திரும்பினார்.

"எனக்கு வசதிப்படாதுங்க. நீங்க போய்ட்டு வாங்க."

ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

சீடர் ட்ரெய்லரின் மூன்றாவது படியில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு சின்னப் படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தான் மட்டும் அந்த மலைக்குப் போய் என்ன செய்ய, மேகத்தைப் பார்த்து யாரிடம் சொல்ல என்று கேட்டார். கேட்டுக்கொண்டே பட்டியலை மறுபடி எடுத்து ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் நேரே சரி போட்டிருந்தது.

"எல்லாமே செஞ்சாச்சு. இன்னும் என்ன வசதிங்க பாக்கி?"

குரு டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, சீடரை எழுந்து நேராக நிற்கச் சொன்னார். மண்டி போட்டு, தரையிலிருந்து அவருடைய முழங்கை மடிப்பு வரை அளந்தார். நாலு அங்குலம் கழித்தார்.

"நாப்பது," என்று சொல்லி, சாக்பீஸால் ட்ரெய்லரின் பின்பக்கம் ஒரு கோடு போட்டார்.

கட்டரை எடுத்துச் சமையலறையைத் தாங்கிய சட்டங்களை நாலு இடத்தில் அறுத்தார். சீடர் பதறிப்போய்க் குறுக்கே வந்தார். நல்லா இருக்கிறதை எதற்கு அறுக்க வேண்டும் என்றார். குரு அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, மொத்தச் சமையலறையையும் ஜாக்கி வைத்துப் பத்து அங்குலம் உயர்த்தினார். கோட்டுக்குச் சரியாக நிறுத்தி, புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்தார். ஆணியைப் பிடுங்கி, சீடரின் தலைக்கு மேலே அடித்தார். இடுக்கியை அங்கே மாட்டினார்.

சீடர் மேடை அருகே வந்து நின்று பார்த்தார். அடுப்பு அவருக்குக் குனியாமல் கைக்கு வந்தது.

"இது அவ நெஞ்சு வரைக்கும் வருமேங்க. அவளுக்கு எட்டாதே?"

"எட்டாதுங்க," என்றார் குரு. "அந்த ஒரு வசதிதான் பாக்கி இருந்துச்சு."

சீடர் உப்பு ஜாடியை எடுத்தார், மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, இதில் எது சீரகம், எது சோம்பு என்று கேட்டார். குரு காட்டினார்.

பிறகு, ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று கேட்டார். பழைய அரிசியா புது அரிசியா என்பதைப் பொறுத்தது என்று குரு சொன்னார். சீடருக்கு வீட்டில் எந்த அரிசி என்றும் தெரியவில்லை.

"அளவு தப்பிக் குழைஞ்சு போச்சுன்னா?"

"குழையட்டுமுங்க சார்," என்றார் குரு. "அம்மா ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிடுவாங்க."