கடைமடைக் குருந்தாயி

ராஜாக்கள் யானை மேல் ஊர் சுற்றிய காலத்தில், பெரியவர்களே, பிள்ளைகளே, கருநெல்லிபுரம் என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு ஆதவராயன் என்று ஒரு ராஜா. ராஜாவுக்கு ஒரு கோட்டை, கோட்டையைச் சுற்றி ஏழு தெரு, ஏழு தெருவுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாய்க்கால்.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. வாய்க்காலில் எதைப் போட்டாலும் வாய்க்கால் அம்மன் விழுங்கிவிடுவாளாம். எச்சில் இலையைப் போட்டார்கள், போனது. உடைந்த கூடையைப் போட்டார்கள், போனது. கிழிந்த பாயைப் போட்டார்கள், அதுவும் போனது. எங்கே போனது என்று ஒருத்தராவது எட்டிப் பார்த்தார்களா? அதற்குக் காலை நகர்த்த வேண்டுமே!

எங்கே போனது என்று நான் சொல்கிறேன். ஊருக்கு வெளியே, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், வாய்க்கால் ஒரு கல்மதகு வழியாக ஆற்றில் இறங்கும். அந்தக் கடைமடையில் ஒரு குடிசை. குடிசையில் குருந்தாயி என்று ஒரு பெண். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம், பிள்ளை இல்லை. ஓர் ஆடு உண்டு. பேச்சுத்துணைக்கு அதுதான்.

ஊர்க் குப்பை முழுவதும் அந்த மதகில் வந்து அடைத்துக்கொள்ளும். குருந்தாயி தினமும் விடிந்ததும் துறட்டியால் அதை இழுத்துக் கரையில் போடுவாள். இலை ஆட்டுக்கு, தோலும் பூவும் எருக்குழிக்கு, கூடையும் பாயும் அடுப்புக்கு. யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. மதகு அடைத்தால் ஊர் முழுகும் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அவளைத் தேடி ஒருத்தரும் வருவதில்லை. ஊர்ச் சேதி மட்டும் தண்ணீரில் வரும். இலை நிறைய வந்தால் கல்யாணம். வேப்பிலை வந்தால் அம்மை. மருந்துச் சக்கை வந்தால் எங்கோ பிள்ளை பிறந்திருக்கிறது. சந்தைக்குப் போகும் நாளில் எந்த வாசலில் என்ன கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவாள், எந்தச் சேதி யார் வீட்டுடையது என்று தெரிந்துகொள்ள. அவளை யாரும் பார்ப்பதில்லை.

“மேலத்தெருவுல கல்யாணம், நம்மளைக் கூப்பிடலையே” என்று ஆட்டிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்தபின் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். பாவம், அந்தச் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அவளுக்கு ஆகாத நேரம்.

ஓர் ஐப்பசியில் குருந்தாயி காய்ச்சலில் விழுந்தாள். ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. மழையோ விடாமல் கொட்டியது. முதல் நாள் ஏழு தெருவிலும் கணுக்கால் தண்ணீர். இரண்டாம் நாள் முழங்கால் தண்ணீர். மூன்றாம் நாள் அரண்மனை நெற்களஞ்சியத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது.

ராஜா யானை மேல் கிளம்பினார். ஊர் மொத்தமும் பின்னால் வந்தது. கடைமடையில் பார்த்தால் மதகை மூடிக்கொண்டு மலையாய்க் குப்பை. நிற்க முடியாமல் நின்று, துறட்டியால் அதை இழுத்துக்கொண்டிருந்தாள் குருந்தாயி.

ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? “குப்பை இவ வாசல்லதானே கெடக்கு? அப்ப இவ போட்டதுதான்!” புத்திசாலிகள்!

“நான் போடலை மகாராசா. எல்லாம் ஊர்லேருந்து வந்தது” என்றாள் குருந்தாயி.

“அப்படியா? இதிலிருந்து மூன்று பொருளை எடுக்கச் சொல்கிறேன். யார் வீட்டுப் பொருள் என்று நீ சொல்ல வேண்டும். ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் நாட்டு எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும்” என்றார் ராஜா. காய்ச்சல் உடம்போடு எங்கே போவாள்? போனால் யார் வா என்பார்கள்?

சேவகன் முதலில் ஒரு தைத்த இலையை எடுத்தான். “ஈர்க்கு எதிர்ப்பக்கமா ஏறியிருக்கு பாருங்க. இடக்கைத் தையல். நாட்டாண்மை வீட்டம்மா தைச்சது” என்றாள். நாட்டாண்மை மனைவி இடக்கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

இரண்டாவது, சரிகை நூலில் கட்டிய செண்பக மாலை. குருந்தாயி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். “இது மகாராசா கழுத்துல கெடந்தது” என்றாள். ராஜா தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். அதே சரிகை நூல்.

மூன்றாவது, ஒரு தொட்டில் துணி. நீலத் துணி, விளிம்பில் சிவப்பு நூல். கிழியவில்லை, நைந்துபோகவுமில்லை.

குருந்தாயிக்கு அது யார் வீட்டுத் துணி என்று தெரியும். அந்தச் சாயம் நெசவுத் தெருக் கடைசி வீட்டுச் சாயம். சித்திரையில் அந்தச் சிவப்பு நூல் துண்டுகள் மருந்துச் சக்கையோடு மிதந்து வந்தபோது, பிள்ளை பிறந்ததற்காக அவள் தனியாக உட்கார்ந்து ஒரு துண்டு வெல்லம் தின்றாள். நல்ல தொட்டில் துணியை இப்போது எதற்காக வீசியிருப்பார்கள் என்றும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“தெரியும் மகாராசா. ஆனா சொல்லமாட்டேன்.”

“சொல்லாவிட்டால் எல்லையைத் தாண்ட வேண்டும்!”

“தாண்டிக்கிறேன். இது குப்பையில்லீங்க. இதைப் போட்ட மனசு என்ன பாடு பட்டிருக்கும்! அவங்களை நாலு பேர் நடுவுல நிறுத்த என்னால முடியாது” என்றாள். சொல்லிவிட்டு ஆட்டை அவிழ்க்கப் போனாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு நெசவுத் தெருச் செங்கமலம் ஓடி வந்தாள். துணியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். “என் பிள்ளையோட தொட்டிலு! புள்ள போயி பத்து நாளாச்சு. வீட்டுல வச்சுப் பாக்க முடியல, தண்ணி கொண்டுபோயிடும்னு விட்டேன். இந்த அக்காவை அனுப்பாதீங்க மகாராசா!”

ராஜா யானையை விட்டு இறங்கினார். வெட்கம் யாரை விட்டது? “என்ன வேண்டுமோ கேள் தாயே” என்று குருந்தாயியிடம் சொன்னார்.

“இலையை அவங்கவங்க மாட்டுக்குப் போடட்டும். தோலையும் பூவையும் வாழைக்குழியில புதைக்கட்டும். ஓட்டைக் கூடையை அடுப்புல வைக்கட்டும். வாய்க்கால்ல தண்ணி மட்டும் வரட்டும்” என்றாள்.

மதகை அடைத்த குப்பையை ஊரே சேர்ந்து அள்ளியது. முதல் குழியை அரண்மனைத் தோட்டத்தில் ராஜாவே வெட்டினார். ராஜாவே வெட்டும்போது மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? ஏழு தெருவிலும் குழி வெட்டினார்கள்.

வாய்க்கால் தெளிந்தது. அடி மணல் தெரிந்தது, மீன் தெரிந்தது. குருந்தாயிக்குச் சேதி மட்டும் வரவில்லை. ஊரில் யாருக்குக் கல்யாணம், யாருக்குக் காய்ச்சல், ஒன்றும் தெரியவில்லை. இப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டாள். மூன்று நாள் போனது, மூன்று வாரம் போனது, மூன்று மாதமும் போனது. துறட்டிக்கு வேலையில்லாமல் கரையில் உட்கார்ந்து வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தனிமையை அவள் அதற்குமுன் பட்டதில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் வாய்க்கால் கரையோடு செங்கமலம் நடந்து வந்தாள். மூச்சு வாங்க எதிரே உட்கார்ந்தாள்.

“அக்கா, நான் முழுகாம இருக்கேன். இன்னும் யாருகிட்டயும் சொல்லல. மொதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு.”

குருந்தாயி உள்ளே போய் ஒரு துண்டு வெல்லம் எடுத்து வந்து அவள் கையில் வைத்தாள். பத்து வருஷத்தில் அவள் வாசலுக்குக் காலால் நடந்து வந்த முதல் சேதி அது.

ஆகையால், நாம் கண் மறைய வீசும் குப்பை யாரோ ஒருவர் வாசலில்தான் போய் நிற்கும் என்பதை நினைத்து, அவரவர் குப்பையை அவரவர் வாசலுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.